மூட்டைக்காரி

மே நான்காம் தேதி மாலை வந்தால் அந்த டேனிஷ் சிற்றூரில் நாடு விடுதலையானதை நினைத்து ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஏற்றிய கையோடு எல்லோரும் ஊர்க்கூடத்துக்கு வருவார்கள். பாட்டு, காபி, வெண்ணெய் தடவிய பன். பிறகு போடில் என்ற பள்ளி ஆசிரியை எழுந்து, தன் அப்பா டாக்டர் ரவுன்ஹோல்ட்டின் கதையைச் சொல்வாள்.

ஜெர்மன் படை தோற்றுப்போன சமயம். கப்பலில் வந்து இறங்கியிருந்த ஜெர்மன் அகதிகளை ஊருக்கு வெளியே முள்கம்பிக்குள் அடைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒருத்தி எப்படியோ நழுவி வந்து, மூட்டையும் கையுமாக டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாளாம். மூட்டையில் வெள்ளிச் சாமான்! எங்கிருந்து சுருட்டியதோ, அதை வைத்து டாக்டரையே விலைபேச வந்துவிட்டாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கதவை அறைந்து சாத்தினாராம். இந்த இடத்தில் போடில் மேஜையில் ஓங்கித் தட்டுவாள், கூடமே கொல்லென்று சிரிக்கும். ஐந்து வருடம் ஜெர்மானியரின் பூட்ஸ் காலடியில் கிடந்த ஊர், சிரிக்காமல் என்ன செய்யும்?

ஐம்பதாம் ஆண்டு விழாவன்று மத்தியானம் அஸ்கர் வந்தான். போடிலிடம் படித்தவன், இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வாளன். அந்த அகதி முகாமைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தான். காபியைத் தொடக்கூட இல்லை.

"அந்தப் பொம்பள இன்னும் உயிரோட இருக்காங்க போடில். போன மாசம் போய்ப் பாத்தேன். மூட்டைல இருந்தது அவங்க பையன். ரெண்டு வயசு, தொண்டை அடைப்பான். மறுநாளே போயிட்டான்."

போடிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெர்மானியரை எதிர்த்து அடிபட்ட போராளிகளை நிலவறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய மனிதர் அப்பா. பிடிபட்டிருந்தால் சுட்டுத் தள்ளியிருப்பார்கள். நாட்டுக்காக நின்றவர்கள் முகத்தில் கரி பூசுவதுதான் உங்கள் படிப்பா என்று கேட்டாள். நிலவறையையும் எழுதத்தான் போகிறேன், இரண்டும் அவர்தானே என்றான் அஸ்கர். ஜெர்மானியரைத் தொடமாட்டோம் என்று அப்போது பல டாக்டர்கள் சொன்னதுதான், இவர் மட்டும் இல்லை என்றான்.

"வெள்ளின்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கடைசியில் கேட்டான்.

போடில் பிறந்ததே அதற்கு மறுவருடம். மூட்டையில் என்ன என்று சின்ன வயதில் கேட்டபோது வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த மூட்டைக்குள் வெள்ளியைக் கற்பனையில் போட்டுவைத்தது அவளேதான். போட்டது மறந்தும் போனது.

அன்று மாலை கூடம் நிரம்பி வழிந்தது. அந்தக் கதையை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். அப்பாவின் பேரும் நிலைத்திருக்கும், அவளும் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஆனால் எழுந்து நின்றதும், சிரிக்கத் தயாராக இருந்த அத்தனை முகங்களைப் பார்த்ததும், அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மூட்டைல வெள்ளி இல்ல. சாகக் கிடந்த குழந்த. எங்கப்பா கதவச் சாத்திட்டார்."

ஊரே எழுந்து கத்தும் என்று எதிர்பார்த்தாள். யாரும் அசையவில்லை. முன்வரிசையில் டாக்னி இருந்தாள். அந்த நாளில் டாக்டர் வீட்டில் சமையல் செய்தவள், போடிலைத் தூக்கி வளர்த்தவள். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தெரியும்டி. சாத்தினப்புறமும் வாசல்ல ரொம்ப நேரம் இருமிக்கிட்டே இருந்துச்சே. ஊருக்கே தெரியும்."

பக்கத்தில் இருந்த கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்ப ஏன் வருஷா வருஷம் சிரிச்சீங்க?" என்று கேட்டாள் போடில்.

"நீ வெள்ளின்னு சொன்னியேம்மா," என்றாள் டாக்னி. "எங்களுக்கு அது எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"