தாளில் ஐந்து எண்கள்

புகார் அக்காவுக்குப் பொறுமை என்பது சம்பளத்துக்காக வளர்த்துக்கொண்ட குணம். வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரில் நாளெல்லாம் போனை எடுத்து, ஊரார் வீட்டுத் துணியெல்லாம் ஊறிக் கிடக்கும் கதையைக் கேட்டு, மாடல் நம்பர் வாங்கி, புகார் எண் கொடுத்து அனுப்புவாள். அந்தப் பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். அப்பேர்ப்பட்ட பொறுமை, லீவு போட்டிருந்த இந்தச் சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்குள் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது.

விஷயம் அவள் தம்பி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். மூன்று வாரமாக வேலைக்குப் போகாமல் அக்கா வீட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நேற்று எழுந்து போய், ஆசை ஆசையாக வாங்கிய சைக்கிளைக் கடையில் கூட வேலை பார்ப்பவனுக்குச் சும்மா கொடுத்துவிட்டு வந்தான். ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு, "இனிமே எனக்கு எதுக்குக்கா அதெல்லாம்?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோலச் சொன்னான்.

புருஷனிடம் சொன்னாள். தினமும் காலையில் நாலு சுற்று நடக்கச் சொல்லு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார். கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறவன் நாலு சுற்று நடப்பானாம். போயும் போயும் இந்த மனுஷரிடம் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தெருமுனை கிளினிக்கில் மனநல ஆலோசகர் ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே ஓடினாள். ஒரு தடவை உட்கார்ந்து பேசுவதற்கு அவளுடைய பத்து நாள் சம்பளம். சரி, தொலைகிறது என்று தலையாட்டினால், அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிதான் இடமாம். அதுவரை என் தம்பி என்ன செய்வான் என்று கேட்டாள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு என்ன தெரியும், பாவம். சுவரில் ஒட்டியிருந்த மஞ்சளேறிய தாளைக் கைகாட்டினாள். மனம் தளர்ந்தவர்கள் அழைக்க வேண்டிய எண்கள் என்று போட்டு ஐந்து எண்கள் இருந்தன. அக்கா அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் எண்ணில் பாட்டு. அதற்கு ஒன்றை அழுத்து, இதற்கு இரண்டை அழுத்து, அப்புறம் மறுபடியும் பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஒருத்தி கொஞ்சினாள். எடுக்க ஆளில்லாதபோதுதான் அந்தக் கொஞ்சலை ஓடவிடுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியாதா என்ன? இருபது நிமிஷத்தில் லைன் தானாகவே அறுந்தது. இரண்டாவது எண்ணில், திங்கள் முதல் வெள்ளி வரை, பத்து மணியிலிருந்து நாலு மணிக்குள் அழைக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். வாழ்க்கை வெறுத்துப் போகிறவன் ஆபீஸ் நேரம் பார்த்துத்தான் வெறுக்க வேண்டும் போலிருக்கிறது. மூன்றாவது எண் உபயோகத்திலேயே இல்லை.

நாலாவது எண்ணை ஒரு பெண் எடுத்தாள். எடுத்ததும், "வணக்கம், மாடல் நம்பர் சொல்லுங்க," என்றாள்.

அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த குரல். சர்வீஸ் சென்டரில் அக்காவின் பக்கத்து நாற்காலிக்காரி, சிரிப்பு. எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் வந்த பெயர். வாடிக்கையாளர்கள் அழைக்கிற சின்ன எண்தான் அக்காவுக்குப் பழக்கம். அதற்குப் பின்னால் இருக்கும் நீளமான எண்களை அவள் கண்ணால் கண்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி வாங்கிய புது லைன்களில் ஒன்று, அதற்கு முன் ஏதோ உதவி மையத்திடம் இருந்திருக்கும், கிளினிக் சுவரில் இன்னமும் உதவி எண்ணாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்ட சிரிப்பு வழக்கம்போலச் சிரித்தாள். அக்காவும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அப்போதுதான் அந்தப் பேசாத அழைப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. சென்டருக்குத் தினமும் ஒன்றிரண்டு வரும். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். பத்து எண்ணிவிட்டு வைத்துவிட வேண்டும், 'வெறும் கால்' என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்பது சென்டர் சட்டம். அக்கா ஆறிலேயே வைத்துவிடுவாள். கெட்டிக்காரி என்று மேலாளர் பாராட்டியிருக்கிறார். ஒருமுறை ஒரு ஆள், "கொஞ்ச நேரம் பேசலாங்களா?" என்று கேட்டான். மாடல் நம்பர் சொல்லுங்கள் என்றாள். மன்னிச்சுக்குங்க என்று அவனே வைத்துவிட்டான்.

காலையிலிருந்து ஊரையே திட்டித் தீர்த்த வாய்க்கு இப்போது திட்ட ஆள் கிடைக்கவில்லை. "பேசாம இருக்கறவங்க லைன இனிமே யாரும் வெக்காதீங்கடி," என்று மட்டும் சொன்னாள். சிரிப்புக்கும் புரிந்துவிட்டது. அஞ்சாவது நம்பராவது வேலை செய்தால் சொல்லுங்க அக்கா, இப்படிக் கூப்பிடுகிறவர்களுக்கு அதையாவது கொடுக்கலாம் என்றாள்.

ஐந்தாவது எண் வேலை செய்தது. நிதானமான ஒரு அம்மாளின் குரல். அக்கா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: ஆண், வயது இருபத்தாறு, மூன்று வாரமாகப் படுக்கை, சாப்பாடு பாதி, நேற்று சைக்கிளைத் தானம் செய்துவிட்டான், இதற்கு முன் இப்படி வந்ததில்லை. அந்தம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். பெரியாஸ்பத்திரியில் பின்பக்கக் கட்டடத்தில் திங்கட்கிழமை மனநலப் பிரிவு உண்டு, சீட்டு மட்டும் போட்டால் போதும், பணம் வேண்டாம் என்றார். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள், நிலைமை மோசமானால் எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போய்விடுங்கள் என்றார். அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ரொம்ப நன்றி என்று வைக்கப் போனாள்.

"வெச்சிடாதீங்கம்மா. சாகணும்னு தோணுதான்னு அவர்கிட்ட நேரா கேட்டீங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்படியெல்லாம் கேட்டு, இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடவா என்றாள். கேட்பதால் அந்த நினைப்பு வராது, இருந்தால் அதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும் என்றார் அந்தம்மாள். நீங்கள் போய்க் கேளுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றார்.

சமையலறையிலிருந்து உள்ளறைக்கு எட்டே எட்டு அடி. காலையிலிருந்து அவள் போகாத இடம் அது ஒன்றுதான். போனோடு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிப் படுத்திருந்த தம்பியின் தோளில் கை வைத்தாள்.

"செத்துப்போயிடணும்னு தோணுதாடா உனக்கு?"

"ஆமாக்கா," என்றான். திரும்பாமலே சொன்னான். பிறகு, "காலைலேருந்து நீ எல்லார்கிட்டயும் என்னப் பத்திப் பேசறது கேட்டுச்சு. எங்கிட்ட எப்ப வந்து கேப்பியோன்னுதான் படுத்திருந்தேன்."

தப்புதான்டா என்று சொல்ல நினைத்தாள், அழுகைதான் வந்தது. அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பியவன், அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். லைனில் யார் என்று கேட்டான்.

"யாருன்னு தெரியல. நாம சொல்றத கேக்கறாங்க."

அப்புறம் மெல்ல எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினான். அவன் தனியாகப் பேசட்டும் என்று போனைக் கொடுத்துவிட்டு அக்கா எழுந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"போகாதக்கா. நீயும் கேளு."