முன்சக்கரத்து நட்டு

அண்ணன் முன்பல் இரண்டும் போய், உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்குள் வந்தான்.

"முன்சக்கரம் கழண்டு ஓடிருச்சுடா. எல்லாம் மூக்கன் வேலை" என்றான். மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினான்.

மூக்கன் அண்ணனோடு குவாரியில் கல் உடைப்பவன். முந்தின நாள் இருவருக்கும் கைகலப்பு. "நாளைக்கு நீ எப்படி வீடு போய்ச் சேருறேன்னு பாக்கறேன்" என்று மூக்கன் கத்தியதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

"ஓடுங்க தம்பி, அவனைக் கொன்னுட்டுதான் வருவாரு" என்று அண்ணி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

ஓடும்போது எனக்கு வேறு பயம் வந்தது. சைக்கிள் என்னுடையது. பகலில் அண்ணன் எடுத்துப் போவான், மாலை வகுப்புக்கு நான். குவாரிச் சாலையில் எந்த நட்டும் தானாகத் தளரும். அதனால் தினமும் காலையில் ஸ்பானர் வைத்து இறுக்குவேன். நட்டு தளராமல் பிடித்துக்கொள்ள அடியில் ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறேன். நட்டிலிருந்து அச்சுவரை அண்ணியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடும் இழுத்திருக்கிறேன். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். "உங்க சைக்கிளுக்கு எப்போ தம்பி கல்யாணம்?" என்று அண்ணி கிண்டல் செய்வாள். இன்று காலை இறுக்கினேனா? இறுக்கியதாகத்தான் ஞாபகம். ஆனால் பூட்டிய கதவை மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் ஞாபகத்தை நானே நம்பமாட்டேன்.

வழியில் பள்ளத்தில் சைக்கிளும் கழண்ட முன்சக்கரமும் கிடந்தன. சக்கர அச்சின் ஒரு நுனியில் நட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடு சுரண்டப்பட்டு, நட்டின் மூலைகளில் கட்டிங் பிளேயரின் பல் பதிந்திருந்தது. ஸ்பிரிங் வாஷர் இல்லை. அது இருந்த இடத்தில் புதிதாக ஒரு முன்கூடையைத் தாங்கும் கால்கம்பி மாட்டியிருந்தது.

சக்கரத்தைக் கழற்ற வந்தவன் கூடை மாட்டிவிட்டா போவான்?

நட்டை உருவிக்கொண்டு ஓடினேன்.

குவாரியில் அண்ணன் மூக்கனின் மார்பில் முழங்காலை ஊன்றியிருந்தான். மூக்கனின் முகம் ஏற்கெனவே சதைக் கூழாகியிருந்தது. அவன் வலது கை ஒரு பாறைமேல் அமுக்கப்பட்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் சுத்தியலுக்குப் பயந்து கிட்டே வரவில்லை.

"எந்தக் கையால கழட்டுனே? சொல்லு! இல்லேன்னா ரெண்டையும் நசுக்கிடுவேன்!"

"உன் ஓட்டை சைக்கிளை நான் தொடவே இல்லடா, பொக்கை வாயா!"

நான் நட்டை நீட்டினேன். "அண்ணா, கூடை யாரு மாட்டுனது?"

"நான்தான். காலையில கிளம்புறப்போ மாட்டுனேன். அதுக்கென்ன இப்போ?"

"அடியில ஒரு வாஷர் இருந்துச்சே?"

"கம்பியை வச்சதும் நட்டு முழுசா ஏறலை. அதைத் தூக்கி எறிஞ்சுட்டேன். பிளேயரால நல்லா இறுக்குனேனே!"

சொல்லி முடித்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. சுத்தியல் பிடித்த கை மெல்லத் தாழ்ந்தது. நான் மூச்சு விட்டேன்.

அப்போது பின்னால் யாரோ சிரித்தார்கள். "தன் பல்லைத் தானே பிடுங்கிக்கிட்டான்டா!" இன்னும் சிலர் சேர்ந்து சிரித்தார்கள். கீழே கிடந்த மூக்கனும், வாயில் ரத்தக் குமிழியோடு, சிரித்தான்.

சுத்தியல் மேலே போய் இறங்கியது.

கல் உடையும் சத்தம் அங்கே எல்லோருக்கும் பழக்கம். இது வேறு சத்தம். மூக்கனின் விரல்கள் எந்தப் பக்கம் மடங்கக்கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியிருந்தன. சிரித்தவர்கள்தான் முதலில் ஓடி வந்து அண்ணனை இழுத்துப் போட்டு மிதித்தார்கள்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்டேன். சரியாகச் செய்வதாக நினைத்துத்தான் கேட்டேன்.

உதைகளுக்கு நடுவே அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறுக்குனேனேடா" என்றான். "நல்லா இறுக்குனேனே."