கடைசிக் குழாயில் மஞ்சள்

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம், கெடாருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் மற்றது புரியும்.

ஏரிக்கரை ஓரத்தில் போர்வெல். அங்கிருந்து மோட்டார் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றும். தொட்டி ஆபரேட்டர் முருகையன் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைப்பார். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறப்பார். பிறகு சைக்கிளை மிதித்துக் கிழக்குத் தெருக் கோடிக்குப் போவார். ஊரின் கடைசிக் குழாய் அங்கே அருணா வீட்டு வாசலில் இருந்தது. அந்தத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்து, பெட்டியில் இருக்கும் சொட்டு மருந்தை விடுவார். மஞ்சளாக மாறினால் பிளீச்சிங் கடைசி வீடு வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

அருணாவின் மகள் தன்ஷிகா இரண்டாம் வகுப்புப் படித்தாள். குழலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அவள்தான். "மஞ்ச வந்துச்சு மாமா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். அதைக் கேட்ட பிறகுதான் முருகையன் சைக்கிளைத் திருப்புவார்.

ஊரில் மற்றவர்களுக்கு அந்தப் பிளீச்சிங் வாசனை பிடிக்காது. டீக்கடை பாண்டுரங்கன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார்.

"இன்னாய்யா முருகையா, ஆஸ்பத்திரி தரையக் கழுவுன தண்ணியில டீ போட்ட மாதிரி இருக்குதுன்னு எல்லாம் எழுந்து போய்க்கினு இருக்கான். எங் கடைய மூட வச்சிட்டுத்தான் வுடுவியா?"

"டீத்தூள கொஞ்சம் கூடப் போடுய்யா, கஞ்சப்பயலே. வாசன தானா பூடும்."

யார் என்ன சொன்னாலும் அவர் ஒரு நாளும் பிளீச்சிங் மருந்தைக் குறைத்தது கிடையாது.

போன வருடம் தன்ஷிகாவுக்கு அம்மை போட்டிருந்தது. குழந்தை பிழைத்து எழுந்தால் ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதாக அருணா வேண்டிக்கொண்டாள். அவள் கணவன் வல்லரசு திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்தார்கள். கேப்பைக் கூழை முதல் நாளே காய்ச்சி வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீரும் மோரும் விட்டுக் கரைத்து, வெங்காயம் அரிந்து போட்டு, அம்மனுக்குப் படைத்துவிட்டு ஊருக்கு ஊற்றுவது வழக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் அருணா தொட்டியடிக்கு வந்தாள்.

"அண்ணே, நாளைக்கி ஒரு நாளு மட்டும் மருந்து போடாதீங்கண்ணே."

"அது எப்பிடிம்மா ஆவும்?"

"ஆத்தாளுக்கு ஊத்துற கூழுண்ணே. போன வருசம் கோதண்டபாணி வூட்டுக் கூழுல பிளீச்சிங் நாத்தம் அடிக்குதுன்னு ஆளாளுக்குக் கீழ ஊத்திட்டாங்க. எம்புள்ள உசுருக்கு வேண்டிக்கினது. அத யாரும் கீழ ஊத்தக் கூடாதுண்ணே."

பாண்டுரங்கனிடம் சொன்னதைப் போல அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேண்டுதல் தன்ஷிகாவுக்கானது.

"சரி, போம்மா. ஒரு நாளுதான்" என்றார்.

அன்று இரவு நல்ல மழை. காலையில் மருந்து ஊற்றாமலே வால்வைத் திறந்தார். பழக்க தோஷத்தில் கடைசிக் குழாய்க்கும் போனார். தன்ஷிகா புதுப் பாவாடையோடு ஓடிவந்தாள்.

"குழல் எங்க மாமா?"

"இன்னிக்கி லீவும்மா. ஆத்தா லீவு வுட்டுட்டா."

அவள் நம்பினாள். உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்து முதலில் அவருக்குத்தான் கொடுத்தாள். கூழ் நன்றாக இருந்தது. யாரும் கீழே ஊற்றவில்லை.

திங்கட்கிழமை விடிவதற்குள் கிழக்குத் தெரு முழுவதும் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆம்புலன்ஸ் விழுப்புரத்துக்கும் ஊருக்குமாக ஓடியது. போனவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். தன்ஷிகா மட்டும் உயிரோடு வரவில்லை.

குழந்தையைப் புதைத்த இடத்தில் அருணா முருகையன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்தத் தண்ணியடா வுட்ட? சாக்கடையத் தொறந்து வுட்டியா? எம்புள்ள உன்ன மாமா மாமான்னு சுத்திக்கினு இருந்தாளேடா!"

அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. மருந்து போடாததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அருணாவுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அது வெறும் நாற்றம். அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் காந்திமதி என்ற அதிகாரி விசாரணைக்கு வந்தார். ஊர் முழுவதும் ஊராட்சி அலுவலகத்து வாசலில் கூடியிருந்தது. அவர் எல்லாருக்கும் புரியும்படி பொறுமையாகச் சொன்னார். கிழக்குத் தெரு முனையில், சாக்கடைக்குள் புகுந்து போகும் குடிதண்ணீர்ப் பைப்பில் ஒரு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. விசேஷ நாள் என்று ஆளாளுக்குக் குழாயில் மோட்டார் வைத்து இழுத்ததில், மழையில் நிரம்பிய சாக்கடை அதன் வழியாக உள்ளே ஏறியிருக்கிறது.

"அப்பிடி ஏறினாலும், தண்ணியில மருந்து இருந்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. அதுக்காகத்தான் மருந்தே போடுறோம். அன்னைக்கு ஒரு துளி கூட இல்ல. ஏங்க முருகையன், போட வேணாம்னு யாராவது சொன்னாங்களா?"

முருகையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"யாரும் சொல்லல மேடம். மறந்துட்டேன்."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அருணா எழுந்து நின்றாள்.

"அவரு மறக்கலங்க. நாந்தான்... நாந்தான் போடாதீங்கன்னு..."

"ஏய், உக்காருடி. இன்னா பேசுற நீ?" என்று வல்லரசு அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

காந்திமதி முருகையனைப் பார்த்தார். "அவங்க சொல்றது நிஜமா?"

"புள்ளையப் பறிகொடுத்தவங்க மேடம். எதயாவது சொல்லுவாங்க. கூழு வேலயில நாந்தான் மறந்து பூட்டேன்."

"அண்ணே!" என்று அருணா வீறிட்டாள். அவர் நிமிரவில்லை.

அன்றே அவரிடமிருந்து தொட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். உடைந்த இணைப்பை மாற்றிப் பைப்பைச் சாக்கடைக்கு மேலே தூக்கிக் கட்டினார்கள். வானூர்ப் பக்கத்திலிருந்து அலெக்ஸ் என்று ஒரு புது ஆபரேட்டர் வந்தார். தண்ணீர் மறுபடி வந்தபோது வாசனை முன்னைவிடத் தூக்கலாக இருந்தது. பாண்டுரங்கன் அந்தத் தண்ணீரிலேயே டீ போட்டார்.

முருகையன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். கழனிக்குக் கிழக்குத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். தினமும் தலையைக் குனிந்தபடி சைக்கிளை மிதித்துக் கடந்துவிடுவார்.

ஒருநாள் காலை கடைசிக் குழாயில் அலெக்ஸ் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். அருணா கையை நீட்டி, "அதக் கொஞ்சம் குடுங்க" என்று குழலை வாங்கினாள். தன்ஷிகா செய்வதைப் போலவே வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து முருகையன் வந்தார்.

"அண்ணே" என்றாள். சைக்கிள் நின்றது. "மஞ்ச வந்துச்சுண்ணே."

அவர் ஒரு காலை ஊன்றி நின்று குழலைப் பார்த்தார். நல்ல மஞ்சள். சரி என்று சொல்ல வாயைத் திறந்தவர், ஹேண்டில்பாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.