கழுதையின் கண்டன்சர்

"அப்பா போட்டிருந்த எண்ணெய்க் காகிதக் கண்டன்சர்தான் போடணும். அதுலதான் சத்தம் கனமா வரும். உன் மஞ்சள் பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய்க் குப்பையில போடு."

வில்ஃப்ரிடோ சொன்னால் சொன்னதுதான். தங்கை நுபியா மஞ்சள் கண்டன்சரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவனுடைய பாட்டுப்பெட்டிக்கு ஆம்பிளிபயர் கட்டுவது அவள்தான். ஆளுயர ஸ்பீக்கர், அதன்மேல் 'முரட்டுக் கழுதை' என்று பெயரும் படமும். தெருவில் நிறுத்தினால் ரெபோலோ பேட்டையே ஆடும். அண்ணன் குடும்பத்துக்குச் சோறு போடுவதும் அந்தக் கழுதைதான்.

பழைய கண்டன்சரை மீட்டர் வைத்துப் பார்த்திருந்தாள். மின்சாரம் கசிந்தது. கசிவு ஆம்பிளிபயரின் கண்ணாடி வால்வுக்குப் போனால் வால்வு சிவக்கும், டிரான்ஸ்பார்மர் கருகும். அப்புறம் கழுதை கழுதையாகவே இருக்காது, வெறும் மரப்பெட்டிதான். இதை எத்தனை தடவை சொல்லித் தொலைப்பது? பழைய அட்டைக்கூட்டைக் குடைந்து, உள்ளே மஞ்சள் கண்டன்சரை வைத்து, மெழுகு ஊற்றி மூடி, அடிச்சத்தத்துக்கான பேஸ் ஆம்பிளிபயரில் அண்ணனுக்குத் தெரியாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் பக்கத்துத் தெருப் பெட்டியோடு போட்டி. கழுதை கத்திய கத்தில் மேசைமேல் பீர் புட்டிகள் நகர்ந்தன.

"கேட்டியாடி? அப்பா கண்டன்சர்! மீட்டரு கீட்டருன்னு பெரிய இவ மாதிரி பேசினியே!" என்று ஊர் முன்னால் கேலி செய்தான்.

ஜெயித்த மனுஷன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று அவளும் சிரித்து வைத்தாள்.

மறுவாரம் அவள் சந்தையிலிருந்து திரும்பியபோது தெரு முனையிலேயே கருகல் நாற்றம். ஆட வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெட்டி ஊமை. கீச்சுச் சத்தத்துக்கான இன்னொரு ஆம்பிளிபயரைத் திறந்துபோட்டு, வில்ஃப்ரிடோ தரையில் உட்கார்ந்திருந்தான். டிரான்ஸ்பார்மரிலிருந்து தார் உருகி வழிந்திருந்தது.

"இதுலயும் அந்தச் சத்தம் வரட்டும்னு, அப்பா டப்பால மிச்சமிருந்த இன்னொரு பழைய கண்டன்சரை நானே பத்தவச்சேன். அதே கண்டன்சர்தானேடி? அங்க ஒண்ணும் ஆகல, இங்க மட்டும் ஏன் எரிஞ்சது?"

 நுபியா பேஸ் ஆம்பிளிபயரிலிருந்து தான் வைத்த கண்டன்சரைக் கழற்றி, கத்தியால் அட்டையைக் கீறினாள். மெழுகு உதிர்ந்து மஞ்சள் தெரிந்தது.

அவன் கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை. அதைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியாண்ணே?"

"கேட்டிருக்க மாட்டேன்தான்" என்றான். "ஆனா அப்பா டப்பாவைத் தொடுறப்ப பயந்திருப்பேன்ல, நுபி."