ரஸ்க் வாங்கும் நாள்

எங்கள் ஊர் நிலம், வானத்திலிருந்து படம் எடுக்க வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒழுங்காக நின்றுகொள்ளும். குன்று நிமிரும். சித்தேரி கரைக்குள் அடங்கிக்கொள்ளும். கால் நீட்டிக் கிடந்தால் நறுக்கிவிடுவார்கள் என்ற பயம் அதற்கு. அப்படி எடுத்த படத்தை நம்பிப் போட்ட சாலை ஒன்று ஏரிக்குள் போய் முடிந்தது.

அதனால் பறக்கும் தேதி ரகசியம். விமானத்திலிருந்து படம் எடுப்பது என் வேலை. எனக்கு வேறு எதுவும் வராது.

ஒரு வருடம் என் படங்கள் இரண்டு தடவை திரும்பி வந்தன. இரண்டிலும் ஏரி மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. விமானி ஜெரால்டு வெளியூர். ஏரிக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. ஜீப் டிரைவரைச் சந்தேகித்து, அடுத்த தடவை பஸ்ஸில் போனேன். மூன்றாவது படமும் அப்படியே.

"யாரோ தகவல் சொல்றாங்க. இன்னொண்ணு இப்படி வந்தா நீங்க ஃபைல் பிரிவுதான்," என்றார் மேலதிகாரி.

பாக்கி இருந்தது என் மனைவி அமிர்தவல்லி. அவளிடம் தேதியைச் சொன்னதே இல்லை. ஆனால் பறந்தால் எனக்கு வயிறு புரட்டும். அன்று காலை இட்லி வேண்டாம், இரண்டு ரஸ்க் போதும் என்பேன். ரஸ்க்கை முந்தின நாள் சாயங்காலமே வாங்கிவிடுவேன்.

அடுத்த முறை ரஸ்க் பொட்டலத்தைப் பார்த்ததும் அவள் வாளியை எடுத்தாள்.

"எங்கே?"

"ஏரியில துணி அலசிட்டு வரேன்."

"வாளி காலியா இருக்கே."

"பரவாயில்லையே. மேலேருந்து பாத்தாத்தான் உங்களுக்குக் கண்ணு தெரியும்னு நெனச்சேன்."

மறுநாள் நான் பறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, ரஸ்க் வாங்காமல், ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பறந்தேன். ஜெரால்டு கொடுத்த பை போதவில்லை. கீழே ஏரி கரை அவிழ்ந்து, வயல்களின்மேல் காலை நீட்டிப் படுத்திருந்தது. தலைமாட்டில் அமிர்தவல்லி உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். படத்தில் அவள் முகம் தெளிவாக விழுந்தது.

அதைக் கொடுத்தால் என் வேலை தப்பும். அவள் பெயர் வெளியே வரும். கேமரா திறக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

பன்னிரண்டு வருடம் ஃபைல் பிரிவில் இருந்தேன். ரஸ்க் வாங்கவில்லை. அவள் தினமும் எட்டு இட்லி வைத்தாள்.

அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது பறப்பவர் எதிர்வீட்டுச் சந்தானகிருஷ்ணன். யாரையும் நம்பாதவர். நேற்றுச் சாயங்காலம் பேக்கரி வாசலில் என்னைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன தம்பி பையில?"

"பன்னு சார்."

பின்னால் ஏதோ மொறுமொறுவென்று நொறுங்கியது.

வீட்டுக்கு வந்து, காலி வாளியை எடுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். ஏரி எழுந்து, கரையை உதறி, இடுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டது. குன்றைக் காணோமே என்றேன். முடி வெட்டப் போயிருக்கிறது, இருட்டுவதற்குள் வந்துவிடும் என்றது.