ஒரு கரண்டி கூடுதல்

"டப்பாவுல ஒரு பவுண்டுன்னு அச்சடிச்சிருக்கோம். ஒரு பவுண்டுதான் போடணும்," என்றாள் லீலா.

"இப்படி நிறுத்து நிறுத்துப் போட்டா மனுஷன் மறுபடி வருவானா? எல்லாத்துலயும் ஒரு கரண்டி கூடப் போடச் சொல்லுங்க லா, மிஸ் லீலா. கொசுறு இல்லாம என்ன யாவாரம்?" என்றான் மருதப்பன்.

கேம்பல் லேனில் இருந்த அவனுடைய மசாலாப் பட்டறை வாசலில் லாரி வந்து நின்றபோது, மூன்று மாதத்துக்கு முந்தைய அந்தப் பேச்சுதான் மருதப்பனுக்கு நினைவு வந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன மீன் மசாலாப் பெட்டிகள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. கூடவே கப்பல் ஏஜெண்ட் ஹனீபாவும் இறங்கினார்.

"என்ன பாய், தூள் ருசியா இல்லையாமா?"

"ருசி பார்த்தாத்தானே தம்பி? அங்க துறைமுகத்து அதிகாரி நிறுத்துல்ல பார்த்திருக்கான்! ஒரு டப்பாவுல ஒரு அவுன்ஸ் கூட, இன்னொண்ணுல ரெண்டு அவுன்ஸ் கூட. எதுவும் எதோடயும் ஒத்துப்போகலை."

"கூடத்தானே இருக்கு! குறைஞ்சாத்தானே கோபப்படணும்?"

"எடையே பொய்யின்னா உள்ள இருக்கிறது மசாலாதான்னு எப்படி நம்புறதுன்னு கேட்கிறான். போதாததுக்கு, நீங்க அமுக்கி அமுக்கி அடைச்சதுல கப்பல்லயே மூடி பிதுங்கிடுச்சு. பக்கத்துல இருந்த துணி மூட்டையெல்லாம் மஞ்சள் குளிச்சிருக்கு."

மருதப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடமாக லீலா இங்கே ஆங்கிலக் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவளிடம் கேட்க வேண்டிய ஒன்று அவன் தொண்டையிலேயே நின்றது. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். மிளகாய் அரைக்கிறவனாக அவர் முன்னால் போய் நிற்பதா? முதல் சரக்கு வெளிநாட்டில் இறங்கட்டும், ஏற்றுமதியாளனாகப் போவோம் என்று காத்திருந்தான்.

லீலா 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. தராசை இழுத்து வைத்து, ஒரு டப்பாவைத் திறந்து, அதிகப்படித் தூளைக் கரண்டியால் எடுக்கத் தொடங்கினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"அடுத்த கப்பல் எப்போ, பாய்?" என்று கேட்டாள்.

"தைப்பூசம் கழிச்சுத்தான்மா."

"அப்போ நான் இங்க இருப்பேனோ என்னவோ. ஞாயித்துக்கிழமை ஈப்போவுலேர்ந்து என்னைப் பார்க்க வர்றாங்க. மாப்பிள்ளை ரப்பர் தோட்டத்துல கிராணியாம், கணக்கெழுதுற வேலை."

ஹனீபா மருதப்பனின் முகத்தைப் பார்த்தார். பிறகு லாரியைப் பார்த்தார். "டிரைவருக்கு ஒரு கிளாஸ் தே வாங்கிக் கொடுத்துட்டு வர்றேன்," என்று நழுவினார்.

மருதப்பன் வாயைத் திறந்தான். தும்மல் வந்தது. மறுபடி திறந்தான். மறுபடியும் தும்மல். லீலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன வேணும் உங்களுக்கு? சொல்லிட்டுத் தும்முங்க."

"மிஸ் லீலா," என்றான் அவன், கண்ணில் நீர் வழிய. "சனிக்கிழமையே நான் உங்க அப்பாகிட்ட வந்து உங்களைப் பொண்ணு கேட்கலாமா?"