தங்கை கொடுத்த இருபது சொற்றொடர்கள்

"அக்கா, அடுத்த வாரம் மெஷின் வாங்க வர்றவங்க கூட்டத்துல இதுல பத்தையாவது எடுத்து விடு. அசந்து போயிடுவாங்க" என்று தங்கை ஒரு தாளைக் கையில் திணித்தாள். புதுமையைப் பற்றி அலுவலகங்களில் அடிபடும் ஆங்கிலச் சொற்றொடர்கள் இருபது. நான் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் இயந்திரத்தை வடிவமைக்கிறவள். எனக்கெதற்கு இந்த வேண்டாத வேலை? ஆனாலும் ஒரு வாரம் பல் துலக்கும்போதுகூட மனப்பாடம் செய்தேன்.

இயந்திரத்தை வாங்க வந்திருந்த வெளிநாட்டு அம்மாள் கூட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் "கேம் சேஞ்சர்" என்றேன். அவர் "கட்டிங் எட்ஜ்" என்றார். நான் அடுத்ததை எடுத்து விட்டதும், அவர் அவசரமாகக் குறிப்பேட்டைத் தூக்கி அடியில் எதையோ பார்த்துக்கொண்டார். அரை மணி நேரம் ஓடிவிட்டது. இயந்திரத்தைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் அவருடைய குறிப்பேட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். அதே ஆங்கிலச் சொற்றொடர்கள். பக்கத்தில் அவர் மொழியில் பொருள். சொல்லி முடித்தவற்றுக்கு டிக் அடித்திருந்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. நான் என் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார்:

"உங்க மெஷின் அட்டையை நசுக்குமா?"

"வேகம் கூட்டினா நசுக்கும். சரிபண்ண ரெண்டு மாசம் வேணும்."

சொல்லி முடித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா! இதைக் கேக்கத்தான் ஆறு மாசமா இங்கிலீஷ் படிச்சேன்."